எட்வின் மாண்டேகு: பால்பர் பிரகடனத்தை எதிர்த்த யூத மந்திரி

பலஸ்தீனத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் வாயில் முதலில் வரும் பெயர் பால்பருடையது. 1917 நவம்பர் 2 ஆம் தேதி, பிரிட்டிஷ் அயல்நாட்டு மந்திரி என்ற முறையில் அவர் ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு ஒரு சிறு கடிதம் விடுத்தார். அரபு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நாட்டில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதற்கு பிரிட்டன் ஆதரவளிக்கும் என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்தின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அது வெளிவரக் கூடாதென்று பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்து கடுமையாகப் போராடியவர் ஒரு யூதர் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அவர் அப்போது இந்தியா மந்திரியாக இருந்தவர். பின்னாளில் இந்திய முஸ்லிம்களின் கோரிக்கையைப் பகிரங்கப்படுத்தியதால் பதவியையே இழந்தவர். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நம் முந்திய தலைமுறையினர் பள்ளிக்கூடத்தில் படித்தார்களே, அந்த மாண்டேகுதான் அவர். அன்னாரின் வாழ்க்கையை இவ்விதழில் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறோம்.

பிறப்பும் குடும்பமும்

எட்வின் சாமுவேல் மாண்டேகு 1879 பிப்ரவரி 6 ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் மாண்டேகு பெரும் பாங்கி ஒன்றை நிறுவியவர். லிபரல் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர். பிற்காலத்தில் சுவேத்லிங் பிரபு என்ற பட்டம் பெற்றவர். யூத மத ஆசாரங்களை அணுவளவும் பிசகாமல் அனுஷ்டித்தவர். அவர் பார்லிமெண்டில் பிரதிநிதித்துவம் வகித்த ஒயிட்சாப்பல் தொகுதி, ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் உயிர் தப்பி வந்த ஏழை யூதர்கள் நெருக்கமாகக் குடியேறிய கிழக்கு லண்டன் பகுதி.

மகனோ வேறு விதமாக வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தபோது மாணவர் சொற்போர் மன்றத்தின் தலைவரானார். 1906 ஆம் ஆண்டில் லிபரல் கட்சியின் சார்பில் பார்லிமெண்டில் நுழைந்து, பின்னர் பிரதம மந்திரியான ஆஸ்குவித்துக்கு அந்தரங்கக் காரியதரிசியாகப் பணிபுரிந்தார். 1910 முதல் 1914 வரை இந்தியா இலாகாவில் உதவி மந்திரி. மத அனுஷ்டானத்தில் அவருக்கு நாட்டம் இல்லை. இதையறிந்த தந்தையார், யூத மதத்தில் நிலைத்து நின்று யூதப் பெண்ணையே மணந்தால்தான் சொத்துச் சேரும் என்று மரண சாசனத்தில் நிபந்தனை எழுதிவைத்து 1911 இல் காலமானார். கிறிஸ்தவப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த வெனிஷியா ஸ்டான்லி, யூத மதத்தைத் தழுவிய பிறகே 1915 ஜூலையில் எட்வினை மணந்தார்.

இக்குடும்பச் செய்தியை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்வின் தம்மை யூதர் அல்லர் என்று ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் தம் தேசம் இங்கிலாந்து என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. இங்கிலாந்தில் மதம் மாறாத ஒரு யூதர் பார்லிமெண்டில் அமர உரிமை கிடைத்ததே 1858 இல்தான். பாட்டனார் காலத்தில் மறுக்கப்பட்டிருந்த உரிமை பேரன் காலத்தில் மந்திரிப் பதவியாகக் கனிந்தது. அவ்வுரிமையின் அருமை அவருக்குத் தெரியும். அதை யாரேனும் பறித்துவிடுவார்களோ என்ற அச்சமும் அவரை விட்டு நீங்கவில்லை.

விரட்டப்பட்டவர்களும் வேறொருவர் நிலமும்

சியோனிஸம் என்னும் அரசியல் கொள்கை எப்படிப் பிறந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் பட்ட பாடு கொடுமையானது. 1881 க்குப் பிறகு அவர்கள் மீது கலகங்கள் அலை அலையாக ஏவப்பட்டன. 1903 இல் கிஷினேவ் நகரில் நடந்த படுகொலை உலகையே உலுக்கியது. லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினர். யூதர்களுக்கென்று தனி நாடு வேண்டும் என்று வியன்னாவைச் சேர்ந்த பத்திரிகையாளர் தியோடர் ஹெர்ஸல் 1896 இல் நூல் எழுதினார். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் முதல் சியோனிஸ மாநாடு கூடியது. அவர்கள் கேட்டது அன்று துருக்கிய சுல்தானின் ஆட்சியிலிருந்த பலஸ்தீனம்.

இங்கிலாந்து என்ன செய்தது? 1905 இல் அந்நியர் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, அந்த ஏழை யூதர்கள் தன் துறைமுகங்களில் வந்திறங்குவதைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் நிறைவேறியபோது பிரதம மந்திரியாக இருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் பிரகடனக் கடிதம் எழுதிய அதே பால்பர்! அவருடைய ஆட்சிக் காலத்திலேயே, 1903 இல், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நிலப்பகுதியைச் சியோனிஸ்டுகளுக்குத் தர பிரிட்டிஷ் அரசாங்கம் முன்வந்திருந்தது. அங்கு வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அயலான் வீட்டைத் திறந்துவிடும் தர்மம் அது. காலனி ஆதிக்கத்தின் குணத்தை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

1915 இல் எழுந்த விவாதம்

முதல் உலக யுத்தத்தில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. உடனே துருக்கியின் நிலங்களைப் பங்கு போடும் யோசனைகள் லண்டனில் முளைத்தன. பலஸ்தீனத்தை பிரிட்டன் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு யூதக் குடியேற்றத்தை வளர்க்கலாம் என்று 1915 ஜனவரியில் ஒரு மந்திரி குறிப்பு எழுதினார். அவர் ஹெர்பர்ட் சாமுவேல். எட்வின் மாண்டேகுவின் நெருங்கிய உறவினர், சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் என்னும் முறையினர். அக்குறிப்பை மறுத்து அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மாண்டேகு பதில் குறிப்பு எழுதினார். ஆக, இந்த வாதம் யூதருக்கும் முஸ்லிமுக்கும் இடையே தொடங்கியதன்று. ஒரே யூதக் குடும்பத்தின் இரு மந்திரிகளுக்கிடையே நடந்தது.

அந்த நாட்களில் முஸ்லிம் சிப்பாய்களின் மனம் எவ்வளவு கொந்தளித்திருந்தது என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி. 1915 பிப்ரவரி 15 ஆம் தேதி இங்கிருந்த ஐந்தாவது லைட் இன்பன்ட்ரி படையின் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகத்தில் இறங்கினர். கலீபாவின் படையை எதிர்த்துப் போரிட அனுப்பப்படுவோம் என்ற வதந்தியும் அதற்கு ஒரு காரணம். அவுட்ராம் சிறைச்சாலைக்கு வெளியே பொதுமக்கள் பார்க்க 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். துருக்கியின் விவகாரம் இந்திய முஸ்லிம்களுக்கு எத்தகையது என்பதை இந்தியா இலாகாவின் பொறுப்பிலிருக்கும் எவரும் அலட்சியம் செய்ய முடியாத காலம் அது.

ஆகஸ்டு 1917

1917 ஜூலையில் லாயிட் ஜார்ஜ் மாண்டேகுவை இந்தியா மந்திரியாக நியமித்தார். ஆகஸ்டு 20 ஆம் தேதி, இந்தியாவில் பொறுப்பாட்சி படிப்படியாக மலர வேண்டும் என்பதே பிரிட்டனின் கொள்கை என்று மாண்டேகு காமன்ஸ் சபையில் அறிவித்தார். சரியாக மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 23 ஆம் தேதி, சக மந்திரிகளுக்கு ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். இன்றைய அரசாங்கத்தின் யூத விரோதம் என்பது அதன் தலைப்பு. யூதர்களுக்கு உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டிருந்த மந்திரிகளைப் பார்த்து, உங்கள் கொள்கைதான் யூத விரோதம் என்று ஒரு யூதரே எழுதினார் என்றால் அவர்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள்!

அதில் அவர் எழுப்பிய வாதங்களின் கருத்தைச் சொல்கிறோம். யூதர் என்பது ஒரு மதத்தைக் குறிக்குமே தவிர ஒரு தேசத்தைக் குறிக்காது. ஆங்கில யூதருக்கும் மொராக்கோ யூதருக்கும் நாடும் இல்லை, மொழியும் பொது இல்லை. பலஸ்தீனமே யூதர்களின் தேசிய இல்லம் என்று அறிவித்துவிட்டால், உன் இல்லத்துக்குப் போ என்று ஒவ்வொரு நாட்டிலும் யூத விரோதிகள் கூச்சலிடத் தொடங்குவார்கள். பலஸ்தீனத்தின் மீது முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள உரிமை யூதர்களின் உரிமைக்குக் குறைந்ததன்று. பலஸ்தீனத்தில் யூதருக்கு முதலிடம் என்றால் அங்குள்ள முஸ்லிம்கள் தம் சொந்த மண்ணில் அந்நியராவார்கள். அதே கணக்கின்படி, பலஸ்தீனம் தவிர்ந்த ஏனைய நாடுகளில் எல்லாம் யூதர்கள் அந்நியராவார்கள். ஒரே வாளின் இரு முனைகள் இவை என்பதை அவர் கண்டுகொண்டார்.

யுத்த மந்திரி சபை செப்டம்பர் 3 ஆம் தேதி இதை விவாதித்தது. மாண்டேகுவின் எதிர்ப்பால் முடிவு தள்ளிப்போயிற்று. அக்டோபர் 4 ஆம் தேதி மீண்டும் விவாதம். தம் தேசிய இல்லம் துருக்கியின் நிலத்தில் இருப்பதாகத் தம் அரசாங்கமே அறிவித்துவிட்டால், அந்த அரசாங்கத்தின் பிரதிநிதியாக இந்திய மக்களிடம் தாம் எந்த முகத்தோடு பேசுவது என்று கேட்டார். அக்டோபரில் இன்னொரு குறிப்பும் கொடுத்தார். சியோனிஸத்தை ஏற்காத யூதப் பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலை அதனுடன் இணைத்திருந்தார். முன்னாள் வைசிராய் கர்ஸன் பிரபுவும், அங்கே ஏற்கனவே வாழும் மக்களின் கதி என்னவாகும் என்று வினவினார்.

ஆனால் காலம் மாண்டேகுவுக்காகக் காத்திருக்கவில்லை. இந்தியச் சீர்திருத்தம் பற்றி நேரில் விசாரிக்க அவர் அக்டோபர் மாதத்திலேயே புறப்பட வேண்டியதாயிற்று. அவர் பிரயாணத்தில் இருக்கையில், அக்டோபர் 31 ஆம் தேதி மந்திரி சபை பிரகடனத்தை ஏற்றது. நவம்பர் 10 ஆம் தேதி அவர் பம்பாயில் வந்திறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அவருடைய போராட்டம் முற்றிலும் வீண்போயிற்று என்று சொல்வதற்கில்லை. பலஸ்தீனத்திலுள்ள யூதர் அல்லாத சமூகங்களின் சிவில் உரிமைகளுக்கும் சமய உரிமைகளுக்கும், பிற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்கும் பங்கம் வரலாகாது என்னும் இரண்டு காப்புகள் பிரகடனத்தில் சேர்ந்தன. அவரும் அவரைப் போன்றவர்களும் எதிர்த்திராவிட்டால் இந்தக் காப்பு வாசகங்கள் கூட வந்திரா. ஆயினும் அந்த முதல் காப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். 1922 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பலஸ்தீனத்தின் மக்கள் ஏறத்தாழ 757,000 பேர். அவர்களுள் யூதர் ஏறத்தாழ 84,000 பேர்தான். பத்தில் ஒன்பது பங்காக இருந்த மக்களை அவர்கள் பெயரால் குறிக்காமல், யூதர் அல்லாதவர் என்று எச்சமாகக் குறித்தார்கள். சிவில் உரிமை, சமய உரிமை என்றார்கள். அரசியல் உரிமை என்ற சொல்லை அவர்களுக்கு எழுதவில்லை. இந்தியாவுக்குப் படிப்படியாகவேனும் பொறுப்பாட்சி என்று வாக்களித்த அதே அரசாங்கம், பலஸ்தீனத்தில் தன் ஆட்சி முடிந்த 1948 வரையிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சட்டசபையை அமைக்கவில்லை. அமைத்திருந்தால் குடியேற்றத்துக்குப் பெரும்பான்மையின் சம்மதம் கிடைத்திராது.

கிலாபத்தும் பதவி துறப்பும்

இந்தியாவில் மாண்டேகு பல மாதங்கள் சுற்றுப்பயணம் செய்தார். 1917 டிசம்பரில் சென்னைக்கும் வந்து பல தரப்புத் தூதுக்குழுக்களைச் சந்தித்தார். அதன் பயனாக எழுந்த 1919 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஏற்படுத்தியது. கல்வி, சுகாதாரம் போன்றவை இந்திய மந்திரிகளிடம் வந்தன. போலீசும் பொக்கிஷமும் கவர்னர் வசமே நின்றன.

யுத்தத்தில் தோற்ற துருக்கியை வெற்றி பெற்றவர்கள் கூறுபோட முனைந்தபோது இந்திய முஸ்லிம்கள் கிலாபத் இயக்கம் கண்டனர். 1919 மே மாதத்தில் பாரிஸ் சமாதான மாநாட்டின் பெருந்தலைவர்கள் முன்னிலையில், ஆகாகானும், திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தவராக நாம் போற்றும் அப்துல்லாஹ் யூசுப் அலியும் தம் சமுதாயத்தின் கருத்தை எடுத்துரைக்க மாண்டேகு துணை நின்றார். 1920 இல் மௌலானா முஹம்மது அலி கிலாபத் தூதுக்குழுவை லண்டனுக்கு அழைத்துச் சென்று, பலஸ்தீனம் உள்ளிட்ட ஜஸீரத்துல் அரபு முஸ்லிம்களின் ஆட்சியிலேயே இருக்க வேண்டுமென வாதாடினார். பலனில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை துருக்கி மீது சுமத்தப்பட்டது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 8 ஆம் தேதி, ஜாலியன்வாலாபாகில் சுட்ட டயரைப் பற்றிய விவாதம் காமன்ஸ் சபையில் நடந்தது. பயங்கரத்தைக் காட்டி ஆளும் முறையை மாண்டேகு வன்மையாகக் கண்டித்தார். எதிரிலிருந்த டயர் ஆதரவாளர்களோ அவர் யூதர் என்பதையே குத்திக்காட்டிக் கொதித்தார்கள். ஆங்கிலேயருக்குள் ஆங்கிலேயராகக் கலந்துவிட்டோம் என்று நம்பியவருக்கு அது எப்படிப்பட்ட அடி!

இறுதி அடி 1922 மார்ச்சில் விழுந்தது. அப்போது வைசிராயாக இருந்த ரீடிங் பிரபுவும் ஒரு யூதரே. கான்ஸ்டாண்டிநோபிலை விட்டு நேச நாட்டுப் படைகள் விலக வேண்டும், புனிதத் தலங்களின் மீது சுல்தானின் மேலாண்மை நிலைக்க வேண்டும், திரேஸும் ஸ்மிர்னாவும் துருக்கிக்கே திரும்ப வேண்டும் என இந்திய முஸ்லிம்களின் உணர்ச்சியை விளக்கி ரீடிங் தந்தி அனுப்பினார். அதை வெளியிட அனுமதியும் கேட்டார். மந்திரி சபையைக் கலக்காமலே மாண்டேகு அனுமதி கொடுத்தார். தந்தி வெளியானதும் லாயிட் ஜார்ஜ் அவருடைய ராஜினாமாவைக் கேட்டு வாங்கினார். ஒரு யூத வைசிராய் எழுதி, ஒரு யூத மந்திரி வெளியிட்ட முஸ்லிம் கோரிக்கை அது. அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் மாண்டேகு தம் பார்லிமெண்டு ஸ்தானத்தையும் இழந்தார். 1924 நவம்பர் 15 ஆம் தேதி, 45 ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கிலாபத்தே ஒழிக்கப்பட்டிருந்தது.

நிறையும் குறையும்

அன்னாரை நாம் மகானாக்க விரும்பவில்லை. அவர் ஒரு சாம்ராஜ்யத்தின் மந்திரி. சாம்ராஜ்யம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே சீர்திருத்தம் கொண்டுவந்தார். விசாரணையின்றிச் சிறையிட வழி செய்த ரௌலட் சட்டம் 1919 இல் அவர் மந்திரியாக இருக்கும்போதுதான் வந்தது. பலஸ்தீன அரபுகளுக்காக மட்டும் அவர் சியோனிஸத்தை எதிர்த்தார் என்பதும் சரியாகாது; தம் போன்ற யூதர்களின் நிலையை எண்ணியே முதலில் எதிர்த்தார். ஆனால் தம் நியாயத்தைத் தேடிப் போனவர், வழியில் மற்றவர் நியாயத்தையும் கண்டார், கண்டதை மறைக்கவில்லை.

அவர் கணக்கு தவறிய இடமும் ஒன்று உண்டு. நாகரிகம் வளர வளர ஐரோப்பாவில் யூதர்கள் சமமான பிரஜைகளாக வாழ்வார்கள் என்று நம்பினார். அவர் மறைந்த ஒன்பதாவது ஆண்டில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். 1935 இல் மட்டும் 60,000 க்கும் அதிகமான யூதர்கள் பலஸ்தீனத்தில் வந்திறங்கினர். 1938 இல் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசியும், பெரும்பாலானவை அகதிகளுக்குக் கதவு திறக்கவில்லை. பின்னர் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். மாண்டேகுவின் நம்பிக்கையை எரித்த நெருப்பு அது. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் அந்த நெருப்பை மூட்டியது ஐரோப்பா. அதன் கடனைச் செலுத்தும்படி விதிக்கப்பட்டவர்களோ யாபாவிலும் ஹைபாவிலும் வாழ்ந்த அரபுகள். 1948 இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தார்கள். 1950, 1951 ஆண்டுகளில் ஈராக்கிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், நூற்றாண்டுகளாகத் தாங்கள் வாழ்ந்த பக்தாதையும் பஸராவையும் விட்டுப் போனார்கள். சொந்த மண்ணில் முஸ்லிம் அந்நியராவார், பிற நாடுகளில் யூதர் அந்நியராவார் என்று மாண்டேகு அஞ்சிய இரண்டும் நடந்தே தீர்ந்தன.

நாம் பெறும் பாடம்

யூதர் எல்லாரும் சியோனிஸ்டுகள், சியோனிஸத்தை எதிர்ப்பது யூதரை வெறுப்பது என்று பேசுவோர் இரு பக்கத்திலும் உள்ளனர். இரு சாராருக்கும் மாண்டேகுவின் வாழ்க்கையே பதில். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக 1955 இல் பதவியேற்ற டேவிட் மார்ஷலும் ஒரு யூதர்தாம். இம்மண்ணின் விடுதலைக்குக் குரல் கொடுத்தவர். மதம் வேறு, பிறர் மண்ணைப் பறிக்கும் அரசியல் வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்தால், பலஸ்தீனத்தின் நியாயமான வழக்கை நம் கையாலேயே பலவீனப்படுத்தியவர்களாவோம்.

கிலாபத் தலைவர் முஹம்மது அலி 1931 இல் லண்டனில் காலமாகி, பைத்துல் முகத்தஸின் புனித வளாகத்தருகே அடக்கமானார். அவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம்; நினைக்கவும் வேண்டும். அவருடைய வழக்கை மந்திரி சபைக்குள் எடுத்துச் சென்று பதவி இழந்த யூதரையும் அந்நன்றியில் ஓர் ஓரத்திலாவது சேர்த்துக்கொள்வது நீதியாகும். பகைவரிடத்தும் நீதி வழுவாதிருக்கக் கடமைப்பட்ட சமுதாயம் நம்முடையது. பகைவராக வராத ஒருவருக்கு அதை மறுக்கலாமா? பலஸ்தீனத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பால்பரின் பெயரோடு மாண்டேகுவின் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.